நிறைவு வேறு, அடைசல் வேறு: தேக்காவில் ஒரு பாத்திரக்கடையின் கண்ணாடி முகப்பு

தீபாவளி முடிந்த மறுவாரம் அந்தக் கடைக்காரர் என்னை அழைத்தார். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், நாங்கள் தேக்கா என்று சொல்லும் இடத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில் பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் பாத்திரங்கள் விற்கும் கடை. முப்பது ஆண்டுக்கு மேலாக அதே இடம். "வர்றவங்க வர்றாங்க தங்கச்சி. புதுசா யாரும் உள்ள காலெடுத்து வைக்க மாட்டேங்குறாங்க. கண்ணாடியக் கொஞ்சம் பார்த்துக் குடு," என்றார். பொங்கலுக்குச் சுமார் இரண்டு மாதம் இருந்தது.

கடை முகப்புகளை அமைப்பது என் தொழில். பெரும்பாலும் பேரங்காடிகளில்தான் வேலை. தேக்காவில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடு ஒன்றுக்கு நான் செய்த முதல் முகப்பு இது. முதல் முயற்சி தோற்றது, இரண்டாவது நின்றது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் தோற்ற முயற்சி இல்லாமல் இரண்டாவது எனக்குப் புரிந்திருக்காது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவை

கண்ணாடி 2.1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். அதன் பின்னே 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மேடை. அந்த மேடையில் இருந்தவற்றை எடுத்துக் கீழே அடுக்கினோம்: அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் தவலை, தவலைக்குள் சொம்பு. இட்லிக் கொப்பரை மேல் முறுக்கு அச்சு. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்று பிளாஸ்டிக் உறை கழற்றாமலே நின்றது. அதன் உச்சியில் இருந்த அன்னப்பட்சியின் கழுத்தில் விலைச் சீட்டு ஒன்று நூலில் தொங்கியது, எழுத்து வெளுத்துப்போய். எல்லாவற்றுக்கும் பின்னால் அரக்கு நிற வெல்வெட் திரை. மேலே ஒரு வெள்ளைக் குழல்விளக்கு. மொத்தம் 140 பொருள். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தெருவிலிருந்து பார்க்கவே முடியாது.

ஏன் இவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரர் சொன்ன இரண்டு காரணங்களையும் நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒன்று, வருகிறவர்களில் பலருக்குப் பாத்திரத்தின் பெயர் தெரியாது. விரலை நீட்டி "அதை எடுங்க" என்பார்கள். ஆகவே எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு, "காலியா இருந்தா கடையில சரக்கு இல்லன்னு நெனச்சுக்குவாங்க. நெறஞ்சு இருக்கணும்மா, அதான் லட்சுமி." இவை பழக்கதோஷம் அல்ல. முப்பது ஆண்டு வியாபாரத்தில் கண்டறிந்தவை. இதை அன்றே மதித்திருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது.

இன்னொன்றும் கேட்டேன்: "எதிர்ப் பக்கத்துல நின்னு நம்ம கடையப் பார்த்திருக்கீங்களா அண்ணே?" அவர் யோசித்தார். தெருவைக் கடந்து போய் நின்று பார்த்ததே இல்லை என்றார். கல்லாவில் உட்கார்ந்து முப்பது ஆண்டாக அந்தக் கண்ணாடியை உள்ளிருந்தே பார்த்திருக்கிறார்.

நடப்பவர் எங்கே நிற்கிறார்

கடைவீட்டு முகப்புக்கும் பேரங்காடி முகப்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு, வாசலை ஒட்டித் தூண்களுக்கு உட்புறம் ஓடும் ஐந்தடிப் பாதைதான். நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டத்துக்காகக் கொடுத்த அறிவுரையிலேயே, ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாகத் திறந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் அந்த வழி அருமையானது. கண்ணாடி முகப்புக்கு மட்டும் அது ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பாதையில் நடப்பவர் கண்ணாடிக்கு அரை மீட்டர் தள்ளி, அதற்கு இணையாக நடக்கிறார். அவர் முகம் தெருவின் கோடியைப் பார்க்கிறது. கண்ணாடியை அவர் நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை, ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். நேராகப் பார்க்கக்கூடியவர் எதிர்ச் சாரியில் நடப்பவர். அவர் பார்வைக்கு இரண்டு தூண்களும் நிறுத்திய கார்களும் குறுக்கே வரும்.

ஆக, ஒரே கண்ணாடிக்கு இரண்டு பார்வையாளர்கள். ஒருவருக்குத் தூரத்திலிருந்து ஒரு பெரிய உருவம் வேண்டும், இன்னொருவருக்குப் பக்கத்தில் ஒரு நுணுக்கம் வேண்டும்.

நேரமும் குறைவு. 2007இல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன், பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு 32 நகரங்களில் மக்கள் நடக்கும் வேகத்தை அளந்தபோது சிங்கப்பூர் முதலிடத்தில் வந்தது. 60 அடியை, அதாவது ஏறக்குறைய 18 மீட்டரை, 10.55 விநாடியில் கடந்தார்கள். அந்தக் கணக்கில் நம் 2.1 மீட்டர் கண்ணாடியைக் கடக்க ஒரு விநாடிக்குச் சற்று மேல். தேக்காவில் குடும்பத்தோடும் காய்கறிப் பையோடும் நடப்பவர்கள் அவ்வளவு விரைய மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மூன்று விநாடிக்குள் கண்ணைப் பிடிக்காவிட்டால் ஆள் அடுத்த கடையில் இருப்பார். அந்த மூன்று விநாடியில் 140 பொருளில் எதைப் பார்ப்பது?

முதல் முயற்சி

நான் பழகிய வழியில் போனேன். பெரிய பேரங்காடிகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலைக் கடை முகப்புகளின் பாணி: எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று. பின்னால் கறுப்புத் துணி. நடுவில் அந்தக் குத்துவிளக்கு, தேய்த்து மின்ன வைத்து, மேலிருந்து ஒற்றைக் குவிவிளக்கு. இரவில் புகைப்படம் எடுத்தேன், படத்தில் அழகாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பாட்டி வாசலில் நின்று, "என்னப்பா, கடையக் காலி பண்றீங்களா?" என்று கேட்டார். வழக்கமாக வரும் ஒருவர் பாத்திரமெல்லாம் எங்கே போச்சு என்றார். சுற்றுலாப் பயணிகள் இருவர் பழம்பொருள் கடை என்று நினைத்து உள்ளே வந்து, இட்லித் தட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பகலில் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடியில் விளக்கே தெரியவில்லை. எதிர்க்கட்டடத்தின் நீல ஜன்னல்கள்தான் தெரிந்தன.

பகல் சிக்கலுக்குக் காரணம் எளியது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதும்கூட. சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வெயிலில் நிற்கும் எதிர்ச்சுவர் கடையின் உட்புறத்தைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. அதில் 8 விழுக்காடே உள்ளே இருக்கும் கறுப்புத் துணியைத் தோற்கடிக்கப் போதும். பின்னணி எவ்வளவு இருட்டோ, கண்ணாடி அவ்வளவு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். குளிரூட்டிய பேரங்காடிக்குள் எதிரே வெயில் கிடையாது, அங்கே கறுப்பு எடுபடும். தெருவோரக் கடைவீட்டில் எடுபடாது. அரக்கு வெல்வெட்டின் குறையும் இதுவேதான். கறுப்பைப் போட்டு நான் அதைக் கூட்டிவிட்டேன்.

பாட்டி கேட்ட கேள்வி இதைவிட ஆழமானது. பொருள் குறைந்தால் விலை கூடியது என்று படிப்பது ஒரு வகைக் கடைத்தெருவின் மொழி. தேக்காவின் மொழி வேறு. பூக்கடையில் மாலைகள் சரம்சரமாகத் தொங்க வேண்டும். காய்கறிக் கடையில் முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் குவிந்திருக்க வேண்டும். இங்கே வெறுமை என்றால் நொடிப்பு. நான் அந்தக் கடையை அதன் தெருவிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டேன்.

கொலு

வழி காட்டியது நான் அல்ல. அந்தக் கடையில் காலையில் வந்து தரையும் கண்ணாடியும் துடைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கறுப்புத் துணியை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது வாளியோடு நின்று பார்த்தவர், "கொலு மாதிரி படி கட்டி வெச்சா என்னம்மா? நெறயவும் இருக்கும், ஒண்ணொண்ணும் தெரியும்ல?" என்றார்.

நிறைவு வேறு, அடைசல் வேறு. கொலு வைக்கும் வீடுகளுக்கு இது காலங்காலமாகத் தெரியும். ஒற்றைப்படையில் படிகள், மேலே வெள்ளை வேட்டி, பின்வரிசை முன்வரிசைக்கு மேலே. எத்தனை பொம்மை இருந்தாலும் ஒன்றை ஒன்று மறைப்பதில்லை. கலசத்துக்கும் மரப்பாச்சிக்கும் அவையவைக்கு இடம் உண்டு. கீழே செட்டியார் பொம்மை தன் மனைவியோடு அரிசி, பருப்பு, மிளகாயைக் குட்டிக் கூடைகளில் பரப்பி உட்கார்ந்திருப்பார். கொலுவுக்குள்ளேயே ஒரு கடை முகப்பு! பார்க்க வந்த பிள்ளைகள் முதலில் குனிவது அவர் முன்னால்தான். நம்மிடம் இவ்வளவு தேர்ந்த ஒரு காட்சிக்கலை இருக்கும்போது நான் ஆர்ச்சர்ட் சாலையை இரவல் வாங்கப் போயிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஐந்து படி கட்டினால் ஒரு படிக்கு 12 சென்டிமீட்டர்தான் கிடைக்கும், சொம்புகூட நிற்காது. ஆகவே மூன்று படி, ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் ஆழம். படியின் உயரம் 25 சென்டிமீட்டர். மேடை தரையிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்ததால், மேற்படி 125 சென்டிமீட்டரில் வந்தது. அதன்மேல் வைக்கும் பானையின் கழுத்து பெரியவர்களின் கண்மட்டத்துக்குச் சரியாக நிற்கும். கீழ்ப்படி பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு.

படிகளை நேராகக் கட்டவில்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வருபவர்கள் இடப்புறமிருந்து நடந்து வருகிறார்கள் என்பதால், படிகளை அந்தப் பக்கம் நோக்கிச் சாய்வாகத் திருப்பினோம். ஓரக்கண்ணால் பார்த்தாலும் பாத்திரங்கள் முகம் காட்டும்படி. எதிர்ச்சாரிக்காரருக்காக மேற்படியின் நடுவில் ஒரே ஒரு பெரிய பித்தளைப் பொங்கல் பானை. இரண்டு தூண்களுக்கும் நடுவே அது வருகிறதா என்று பார்க்க, அக்காவை உள்ளே நிறுத்திவிட்டு நானும் கடைக்காரரும் தெருவைக் கடந்து போய்க் கையைக் காட்டி இடம் மாற்றினோம். ஐந்தடிப் பாதையில் அவர் குவித்திருந்த பிளாஸ்டிக் வாளிகளையும் அன்றே உள்ளே எடுத்தோம். நடைவழியை மறிக்கக் கூடாது என்பது விதி; முகப்பை மறைக்கக் கூடாது என்பது என் கவலை.

140 பொருள் 31 ஆனது. ஆனால் பார்க்கிறவர் யாரும் குறைந்ததாகச் சொல்லவில்லை.

பித்தளைக்கு எதைக் காட்டுவது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வெளிச்சம்தான். துணிக்கு வெளிச்சம் போடுவது போலப் பித்தளைக்குப் போட முடியாது. தேய்த்த பித்தளை ஒரு கண்ணாடி. அது தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். குவிவிளக்கு ஒன்றை அதன்மேல் அடித்தால், விளக்கின் பிம்பம் கண்ணைக் குத்தும் ஒரு புள்ளியாக விழும். மிச்ச உடம்பு எதிரே இருக்கும் இருட்டைக் காட்டிக் கறுத்துப்போகும். முதல் முயற்சியில் குத்துவிளக்கு இரும்புக் கம்பி போலத் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

பித்தளை பொன்னாகத் தெரிய வேண்டுமானால் அது பார்ப்பதற்கு வெளிச்சமான பெரிய பரப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கு மேல், உட்புறமாக, வெள்ளைக் காடாத் துணியைப் பந்தல் போலச் சாய்த்துக் கட்டினோம். விளக்குகளைப் பாத்திரத்தின்மேல் திருப்பாமல் அந்தத் துணியின்மேல் திருப்பினோம். துணி முழுவதும் ஒளிர்ந்தது. பானையின் வயிற்றில் அந்த ஒளி அகலமான ஒரு தங்கப் பட்டையாக இறங்கியது. இரு ஓரத்திலும் கைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு நாடாவைத் தொங்கவிட்டதும் பானையின் விளிம்பு கோடு போட்டது போலத் துலங்கியது. கடைக்காரர் பேசவில்லை. பானையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பதிந்த கைரேகையைத் தன் வேட்டி நுனியாலேயே துடைத்தார்.

விளக்கின் நிறமும் முக்கியம். அதைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். பழைய குழல்விளக்கின் 6500 கெல்வின் நீல வெள்ளையில் பித்தளை பச்சை ஓடிப்போய்த் தெரியும். 3000 கெல்வின் எல்இடி, நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் நூற்றுக்கு 90க்கு மேல் உள்ளதாக, வாங்கினோம். எவர்சில்வருக்கு அந்த மஞ்சள் ஒளி பொருந்தாது, அழுக்குப் படிந்தது போல இருக்கும். ஆகவே எவர்சில்வர் அனைத்தையும் கடைக்குள் வேறு பக்கம் 4000 கெல்வினுக்கு மாற்றினோம். முகப்பில் பித்தளை, வெண்கலம், செம்பு மட்டும். பின்னணிக்கு வெளிர் மஞ்சள் பருத்தித் துணி. எதிர்க்கட்டடத்தின் பிம்பம் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் பகலிலும் பாத்திரம் அதை வென்றது.

டிசம்பர் மழை தொடங்கியதும் புதிதாக ஒரு தொல்லை. குளிரூட்டியின் காற்று நேராகக் கண்ணாடியில் அடித்ததால், வெளியே இருந்த ஈரக்காற்று அதில் படிந்து காலையில் முகப்பு முழுக்கப் பனி மூடியது போல் ஆனது. காற்று வரும் துவாரத்தைத் திருப்பிவிட்டதும் சரியானது. ஈரத்தில் பித்தளை மங்குவதற்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. வாரம் ஒருமுறை புளியோ பீதாம்பரித் தூளோ போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, துணியால் பிடித்துத்தான் வைக்க வேண்டும். வெறுங்கை பட்ட இடத்தில் சில நாளில் விரல் தடம் பழுப்பாக எழும்பும்.

பெயரும் விலையும்

"அதை எடுங்க" என்று விரல் நீட்டுகிறவர்களுக்கு என்ன செய்வது? பெயர் எழுதி வைத்தோம். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் சிறு அட்டை: தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், எதற்குப் பயன்படும் என்று ஒரு வரி. உருளி: பாயசம், சர்க்கரைப் பொங்கல் கிண்ட. ஈயச்சொம்பு: ரசம் வைக்க, காலியாக அடுப்பில் வைத்தால் உருகும். பித்தளைத் தவலை: உள்ளே ஈயம் பூசியது, ஆகவே புளி சேர்ந்த சமையலுக்கும் ஆகும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். சிறிதாக அச்சிட்டால் ணகரமும் னகரமும் அரை மீட்டரிலேயே குழம்பும். ஆகவே தமிழை ஆங்கிலத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டோம்.

விலை விஷயத்தில் கடைக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. விலை தெரிந்தால் பேரம் போய்விடும் என்றார். விலை தெரியாததால்தான் புதியவர்கள் பயந்து வெளியிலேயே நிற்கிறார்கள் என்றேன். கடைசியில் கீழ்ப்படிக்கு மட்டும் விலை போடுவதென்று ஒத்துக்கொண்டார். அங்கே டபரா டம்ளர், சின்னச் சொம்பு, கற்பூரத் தட்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்பதால் 9 விழுக்காடு வரியும் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும்; அது வாங்குகிறவருக்கும் தெளிவு.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டினோம், மூன்று நாளுக்கு ஒருமுறை புதிது. பொங்கி வழிகிற நுரைக்கு அரிசி போட்டால் எறும்பு வரும். கடையிலேயே விற்கும் திரிப் பஞ்சைப் பிரித்து, பானையின் வாயிலிருந்து ஒரு பக்கம் வழியவிட்டோம். அதையும் அக்காதான் செய்தார். அவருடைய விரல்களுக்குத் தெரிந்த பக்குவம் எனக்கு வராது.

என்ன நடந்தது

பொங்கல் பானைகள் பொங்கலுக்கு முன்பே தீர்ந்தன. இதை நான் முகப்பின் கணக்கில் எழுத மாட்டேன். தை பிறக்கும்போது பானை விற்பது இயல்பு.

ஆகவே பொங்கல் முடிந்ததும் ஒரு சோதனை செய்தோம். எந்தப் பண்டிகையோடும் சேராத பொருளாக, கடையின் கடைசி அலமாரியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த வெண்கலக் குழிப்பணியாரக்கல்லை மேற்படிக்கு ஏற்றினோம். ஒரு குழியில் மட்டும் செம்மண் நிறத்தில் களிமண்ணால் செய்த பணியாரம் ஒன்று. அந்த வாரமே அதைக் கேட்டு உள்ளே வந்தார்கள். அவர்களில் சீனப் பெண் ஒருவர். அட்டையைப் படித்துவிட்டு, தேங்காய்ப்பால் விட்ட தன் வீட்டுப் பலகாரத்தை அதில் செய்ய முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் அரை மணி நேரம் அவரோடு பேசினார். கல் பழக்குவது எப்படி என்பதும் அதில் அடக்கம்.

இன்னொரு அளவுகோலைக் கண்டுபிடித்தவர் அக்கா. முன்பெல்லாம் கண்ணாடியைத் தூசுக்காகத் துடைப்பாராம். இப்போது விரல் தடங்களைத் துடைக்கிறார். இரண்டு உயரத்தில் தடங்கள்: பெரியவர்களின் நெஞ்சு மட்டத்தில் விரல் நுனிகள், கீழ்ப்படிக்கு நேரே சின்னச் சின்ன உள்ளங்கைகளும் மூக்கு பதிந்த வட்டங்களும். எந்தப் பாத்திரத்துக்கு நேரே தடம் அதிகம் என்று வார இறுதியில் சொல்வார், அதை வைத்துத்தான் அடுத்த வாரம் எதை மாற்றுவது என்று முடிவெடுக்கிறோம். எடைக்காகவே பிடித்துப் பார்க்க வேண்டிய பாத்திரங்களுக்கு முன்னால் தடமே விழவில்லை. உருளி அப்படி ஒன்று. அதைக் கதவருகே ஒரு முக்காலியில், கையால் தூக்கிப் பார்க்கும்படி வைத்தோம்.

சரிசெய்ய முடியாதவையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்தடிப் பாதை நிறைந்து வழியும்போது முகப்பை யாரும் பார்ப்பதில்லை, ஆள் மேல் ஆள். படிகளில் பொருள் மெல்லக் கூடுவதும் நிற்கவில்லை. ஒரு வாரம் நான் போகாவிட்டால் 31 என்பது 40 ஆகிவிடும். கடைக்காரரின் கை சும்மா இருக்காது. அதை நான் கண்டிப்பதில்லை. ஒன்றை ஒன்று மறைக்காதவரை இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு. பின்னால் கார்கள் போகும் சத்தம். "தங்கச்சி, எதிர்ப் பக்கத்துலேருந்து பேசுறேன். எடது பக்கத் தவலை ரெண்டு வெரக்கட தள்ளணும், தூணு மறைக்குது," என்றார். அக்கா உள்ளே நின்று தள்ளிக்கொண்டிருந்தார் போல. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்," என்று அவர் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போடுவது என் காதில் விழுந்தது.